பூச்சியமா, வரவில்லையா?



நான் கலைப்பட்டதாரி, செய்நிரல் எழுதத் தெரியாது. எமது தனியார் வகுப்பின் பரீட்சைப் புள்ளிகளைப் பெற்றோர் கைத்தொலைபேசியிற் பார்ப்பதற்கு ஓர் இணையப் பிரயோகம் செய்து தருமாறு பழைய மாணவர் இருவரிடம் கேட்டேன். திரையில் தெரியும் முன்பக்கத்தை ஒருவரும், தரவுத்தளம் உள்ள பின்பக்கத்தை மற்றவரும் பொறுப்பேற்றனர். இரண்டு கிழமை தனித்தனியே வேலை செய்து, கடைசி இரவில் இணைத்தார்கள்.

மறுநாள், காய்ச்சலால் பரீட்சை எழுதாத மாணவி ஒருத்திக்குப் பூச்சியம் என்று திரை காட்டியது. தகப்பனார் அவளை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்.

நடந்தது இதுதான். பின்பக்கம் 'நல்' என்னும் வெற்றுப் பெறுமானத்தை அனுப்பியது. ஜாவாஸ்கிரிப்டில் அதை எண்ணாக மாற்றினால் 0 கிடைக்கும். இருவரது செய்நிரலும் தனியே சரியாகவே இயங்கின. பரீட்சைக்கு வராதவரைப் பற்றி இருவரும் பேசவில்லை; நானும் சொல்லவில்லை.

பிறகு மூவரும் ஒரு தாளில் எழுதினோம்: எந்த முகவரிக்குக் கோரிக்கை போகும், ஜேசன் வடிவில் எந்தப் பெயர்களுடன் பதில் வரும், வராதவருக்கு எது வரும். இதனை ஏபிஐ உடன்படிக்கை என்பர். இது கையில் இருந்தால் பின்பக்கம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாதிரித் தரவைக் கொண்டே திரையைச் செய்து பார்க்கலாம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' மென்பொருளின் உதவியுடன் இருவரது வேலையையும் நாள்தோறும் இணைத்தனர். (உங்கள் குழுச் செயற்றிட்டத்தையும் கடைசி இரவுக்கு விடாதீர்கள்!)

தகப்பனாரிடம் நானே நேரிற் சென்று விளக்கினேன். ஒரு மாதம் கழித்தே அவள் வகுப்புக்கு வந்தாள். அவளது பெயருக்கு நேரே இப்போது 'சமுகமளிக்கவில்லை' என்று இருக்கிறது.