ஆறாம் நாள் காலி

அந்தமான் போக வேண்டும் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "திரும்பி வந்து என்னைக்கு டூட்டியில சேரணும்?" என்பதுதான். பலருக்கு இது பிடிப்பதில்லை. இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் திரும்புகிற பேச்சா என்று முகம் சுருங்கும். ஒரு அம்மா நேரடியாகவே சொன்னார்: "நல்ல காரியமா வந்திருக்கோம் தம்பி, போறதை முதல்ல பேசுங்க."

மதுரையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு பல வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் திட்டம் போடுவது வேறு. பஸ் போய்விட்டால் அடுத்த பஸ். தீவு அப்படியில்லை. விமானத்துக்கும் நமக்கும் நடுவில் கடல் கிடக்கிறது, அதன்மேல் ஒரு ஃபெர்ரி ஓட வேண்டும். அது ஓடுமா என்பதை அன்றைய காற்று முடிவு செய்யும். அதனால் என் நோட்டில் அந்தமான் பயணத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் எழுதுவேன். சென்னை விமானம் எந்த நாள், எத்தனை மணி? அதற்கு முந்தின நாள் எங்கே இருக்க வேண்டும்? அதற்கும் முந்தின நாள்? இப்படிப் பின்னோக்கிப் போய், பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியற்காலை எழும்பூரில் இறங்குகிற இடத்தில் முடிப்பேன்.

இந்தப் பழக்கம் எனக்கு 2016 டிசம்பரில் வந்தது.

அதுவரை நானும் எல்லோரையும் போலத்தான் திட்டம் போட்டேன். முதல் இரண்டு நாள் போர்ட் பிளேர், செல்லுலார் சிறை, ராஸ் தீவு. கடைசி இரண்டு நாள் ஹேவ்லாக் தீவு. சாப்பாட்டில் பாயசத்தைக் கடைசியில் வைக்கிற மாதிரி. கடைசி நாள் காலை ஃபெர்ரியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போர்ட் பிளேர், மதியம் விமானம். காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கும். அந்த டிசம்பர் முதல் வாரத்தில் திண்டுக்கல் குடும்பம் ஒன்று, பாட்டியையும் சேர்த்து ஐந்து பேர், ஹேவ்லாக்கில் இருந்தது. போன் லைன் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. "அண்ணே, ஜெட்டியில கப்பலே இல்ல. எப்ப வரும்னு கேட்டா, கடலைக் காட்டுறாங்க" என்றார் குடும்பத் தலைவர். பின்னால் மழைச் சத்தம் தகரத்தில் ஆணி கொட்டுகிற மாதிரி கேட்டது. அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு அது. ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டு, கடைசியில் கடற்படைக் கப்பல்கள் போய் ஏற்றி வந்தன. என் ஐந்து பேரும் அதில் வந்தார்கள். அதே தாழ்வுநிலைதான் வர்தா புயலாகி, டிசம்பர் 12ஆம் தேதி சென்னையின் மரங்களைச் சாய்த்தது.

விமான டிக்கெட் பாழ். புது டிக்கெட்டில் பாதியை நான் கொடுத்தேன். அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. பாட்டி மட்டும், "நேவி கப்பல்ல வந்தோம்ல, யாருக்குக் கிடைக்கும்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அன்றிலிருந்து என் ஏழு நாள் திட்டத்தில் ஆறாம் நாள் காலியாக இருக்கும். இறங்கின அன்று போர்ட் பிளேர். மறுநாள் காலையே ஹேவ்லாக். இரண்டு இரவு அங்கே, ஒரு இரவு நீல் தீவு, ஐந்தாம் நாள் போர்ட் பிளேருக்குத் திரும்பிவிட வேண்டும். ஆறாம் நாள் கட்டத்தில் ஒன்றும் எழுதமாட்டேன். ஐந்தாம் நாள் கடல் மூடினால் ஆறாம் நாள் இருக்கிறது. மூடாவிட்டால் அபர்தீன் பஜாரில் சுற்றலாம். அங்கே கடைக்குக் கடை தமிழ் கேட்கும். முருகன் கோயில் இருக்கிறது. பஜாரை அலசிவிட்டு சாயங்காலம் கடலோரம் உட்காரலாம். "ஒரு நாளைச் சும்மா விடுறதுக்கு ரூமுக்குக் காசு கட்டணுமா சார்?" என்று பேரம் பேசுகிறவர்கள் உண்டு. கட்டத்தான் வேண்டும்.

பெயரையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு, ராஸ் தீவுக்கு நேதாஜியின் பெயர். போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் ஒரு பெயர் இருக்கும், டிரைவர் வாயில் இன்னொரு பெயர் வரும். "நாங்க ஹேவ்லாக்தான கேட்டோம், இது வேற எங்கயோ போட்டிருக்கு" என்று ஜெட்டியிலிருந்து பதறிப்போய்க் கூப்பிட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. இப்போது திட்டத்தாளில் இரண்டு பெயரையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்தது சூரியன். இதில் படித்தவர்களும் ஏமாறுவார்கள். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடைய கடிகாரம். சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிஷம் முன்னதாக அங்கே இருட்டிவிடும். டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடலில் இறங்கிவிடுகிறது. ஹேவ்லாக்கில் எல்லோரும் பார்க்க ஆசைப்படுவது ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஆனால் ராதாநகர் ஜெட்டியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, தீவின் மேற்குப் பக்கம். மதிய ஃபெர்ரியில் மூன்றரைக்கு இறங்கி, பெட்டியை வாங்கி, ரூமுக்குப் போய், முகம் கழுவி, ஒரு டீ குடித்து, "ஆறு மணிக்குத்தானே அஸ்தமனம்" என்று சாவகாசமாகக் கிளம்பினால் அங்கே போய் இருட்டைத்தான் பார்க்கலாம். அதனால் ஹேவ்லாக்குக்கு எப்போதும் காலை ஃபெர்ரி. மறுபக்கம் விடியலும் சீக்கிரம். நாலரை மணிக்கே வெளுக்கத் தொடங்குகிற மாதங்கள் உண்டு. வயசானவர்கள் இதை விரும்புவார்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள்.

எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்த வேலை கடலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நாள் குறிப்பது. சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. நல்ல நேரம் பார்க்க அல்ல, அமாவாசையும் பௌர்ணமியும் பார்க்க. அந்த நாட்களையொட்டிக் கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். போர்ட் பிளேர் பக்கம் அந்த வித்தியாசம் இரண்டு மீட்டர் அளவுக்கு வரும். மற்ற நாட்களில் கொஞ்சம்தான். மணிக்கணக்கு தெரிய வேண்டுமானால் சர்வே ஆஃப் இந்தியா வருஷா வருஷம் வெளியிடும் அட்டவணை இருக்கிறது. கடல் வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். இன்றைக்குப் பகல் பதினொன்றுக்கு வற்றினால் நாலு நாள் கழித்து பிற்பகல் இரண்டைத் தாண்டிவிடும்.

இது எதற்கு என்றால், நீல் தீவில் லட்சுமண்பூர் பக்கம் கடல் குடைந்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. அங்கே குடியேறிய வங்காளிகள் அதை ஹவுரா பாலம் என்பார்கள். நீர் வற்றினால் பாலத்தின் அடியிலேயே போய் நிற்கலாம். ஏறியிருந்தால் தூரத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அதே தீவில் பரத்பூர் கடற்கரையில் கண்ணாடித்தரைப் படகுக்கு நேர்மாறாக, தண்ணீர் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பொருத்துவது ஜாதகம் பொருத்துகிற மாதிரி. சில தேதிகளில் பொருந்தவே பொருந்தாது. அப்போது நீலை முன்னாலும் ஹேவ்லாக்கைப் பின்னாலும் மாற்றிப் போட்டுப் பார்ப்பேன்.

ஒருமுறை நானும் ஒரு குழுவோடு போயிருந்தேன். கடல் வற்றியிருந்தது. பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி, ஒவ்வொரு குழியும் ஒரு சின்னத் தொட்டி. ஒன்றில் விரல் நீளத்துக்கு நீல மீன்கள். இன்னொன்றில் கறுப்பாக, சுருண்ட கம்பளிக் காலுறை மாதிரி ஒன்று கிடந்தது. கூட வந்திருந்த ராமநாதபுரத்துக்காரர் குனிந்து பார்த்துவிட்டு சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கடல் அட்டைய்யா. நம்ம ஊர்ல இதைத் தொட்டா கேஸு." 2001இலிருந்து பிடிக்கத் தடையுள்ள உயிர் அது, மண்டபம் பக்கம் அதற்காகக் கைதானவர்கள் கதை அவருக்கு நிறையத் தெரியும். அன்று மாலைவரை அவர் எந்தக் குழியையும் கையைக் கட்டிக்கொண்டேதான் எட்டிப் பார்த்தார். அந்தப் பாறைகள் கத்தி மாதிரி, மேலே பாசி. ரப்பர் செருப்பு சறுக்கும், பின்பக்கம் வார் உள்ள செருப்புதான் சரி. முட்டி வலி உள்ளவர்களை அங்கே இறக்க வேண்டாம் என்று தாளிலேயே எழுதிவிடுவேன். மீறி இறங்குவார்கள். இறங்கட்டும்.

ஸ்கூபாவுக்கு ஒரு கணக்கு உண்டு. முங்கி எழுந்தவுடன் விமானம் ஏறக்கூடாது. அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். பல முறை முங்கினால் குறைந்தது 18 மணி நேரம் என்பது முக்குளிப்புச் சங்கங்கள் சொல்லும் கணக்கு. நான் முழுசாக ஒரு நாள் விடுவேன். ஹேவ்லாக்கைப் பயணத்தின் நடுவில் வைத்துவிட்டால் இதுவும் தானாகவே தீர்ந்துவிடுகிறது. கடைசி நாளைக்கு வைத்தால்தான் தலைவலி.

பாராடாங் தீவு கேட்பார்கள். சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை. தப்பான இடங்கள் இல்லை. ஆனால் அங்கே போகும் அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை ஊடுருவிப் போகிறது. அந்தச் சாலையை அந்தப் பகுதியில் மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் நடு இரவிலிருந்தே வரிசை கட்டி, போலீஸ் வண்டி முன்னே போக, பின்னே தொடர் தொடராகப் போகும். நிறுத்தக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, கண்ணாடியை இறக்கக்கூடாது. குகையைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் வழிநெடுகக் காட்டைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஒருமுறை நானும் அப்படி உற்றுப் பார்த்தேன். அதற்கப்புறம் என் தாளில் பாராடாங்கைப் போடுவதில்லை. வேண்டும் என்பவர்கள் வேறு ஏஜென்டிடம் போகலாம், போயிருக்கிறார்கள்.

சில்லறை விஷயங்கள்: முகத்துவாரம், அலையாத்திக் காடு பக்கம் முதலை இருக்கும், எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு போன் பரவாயில்லை, ஆனாலும் கையில் ரொக்கம் இருக்கட்டும். ஃபெர்ரியில் வாந்தி வருகிறவர்கள் புளியோதரையை இறங்கின பிறகு பிரியுங்கள். கரையில் பொறுக்கிய பவளத் துண்டைப் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். எல்.டி.சி. என்கிற விடுப்புப் பயணச் சலுகையில் போகும் மத்திய அரசுக்காரர்கள் விமான டிக்கெட்டை அரசு சொன்ன ஏஜென்சிகளில்தான் எடுக்க வேண்டும். அதில் எனக்குப் பத்துப் பைசா வராது, இருந்தாலும் தேதியை நான்தான் சொல்வேன்.

ஏனென்றால் பெரும்பாலோர் என்னிடம் வரும்போது காரியம் பாதி கெட்டிருக்கிறது. நடுராத்திரி ஆஃபர் பார்த்து, போக வர டிக்கெட்டை மலிவாக எடுத்துவிட்டு, "நாலு நாள், ஹேவ்லாக்கும் நீலும் கண்டிப்பா வேணும், எப்படியாவது அடக்குங்க" என்று வந்து நிற்கிறார்கள். நாலு நாளில் ஒரு தீவுதான். ஹேவ்லாக் மட்டும் போய்விட்டு வாருங்கள், நீல் அடுத்த முறை. இரண்டும் வேண்டுமென்றால் ஏழு நாள் லீவு சொல்லிவிட்டு வாருங்கள், காலண்டரைப் பார்த்துத் தேதி சொல்கிறேன், அப்புறம் டிக்கெட் எடுங்கள்.