நைஜர் வேறு, நைஜீரியா வேறு

கல்யாண வீட்டில் போட்டோகிராபரைத் திட்டாதவர்கள் யாராவது உண்டா? "சார், கொஞ்சம் நகருங்க, ஒண்ணுமே தெரியல" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கண்டிப்பாக வரும். தாலி கட்டும் நேரத்தில் பாதிப் பேருக்குத் தெரிவது அவர் முதுகுதான். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? கல்யாணத்தில் அவர் எதையும் தவறவிடுவதே இல்லை. மாலை மாற்றியது சரியாக விழவில்லை என்றால் "இன்னொரு தடவை போடுங்க" என்பார். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே மறுபடி போடுவார்.

இந்த "இன்னொரு தடவை" கிடையாத ஓர் இடத்துக்கு முதன்முறையாகப் போன கல்யாண போட்டோகிராபர் ஒருவரின் கதை இது.

ஊர் சிங்கப்பெருமாள் கோவில். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறினால் மறைமலை நகருக்கு அடுத்த ஸ்டேஷன். குடைவரைக் கோவிலில் இருக்கும் நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. அர்ச்சகர் திருமண்ணை விலக்கி ஆரத்தி காட்டும்போது பார்க்கலாம். அந்த ஊரில் இரண்டு கண்ணோடும் ஒரு பழைய நிக்கான் கேமராவோடும் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார் நம்ம ஆள். முகூர்த்த நாளில் கல்யாணம், மற்ற நாளில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஊர்ப் பசங்க ஆடும் ஃபுட்பாலைப் படம் எடுப்பார், காசு வாங்காமல்.

அந்தப் படங்களில் சிலவற்றை ஒரு சின்ன விளையாட்டு இணைய இதழுக்கு அனுப்பி வைத்தார். அவர்கள் போட்டார்கள். பணம் வரவில்லை, பெயர் வந்தது. அப்படியே பழக்கமாகி, 2017-ல் அந்த இதழின் ஆசிரியர் ஒரு நாள் போன் செய்தார். 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை இந்தியாவில் நடக்கப் போகிறது, இரண்டு போட்டோகிராபர்களுக்கு அனுமதி கேட்கிறோம், ஒன்று உன் பெயரில் என்றார்.

ஃபிஃபா நடத்தும் போட்டி ஒன்று இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 24 அணிகள், ஆறு ஊர்கள்: டெல்லி, நவி மும்பை, கோவா, கொச்சி, குவாஹாத்தி, கொல்கத்தா. தமிழ்நாட்டுக்கு ஒரு மேட்ச் கூடக் கிடையாது. இந்தியா ஆடுவது டெல்லியில். அதனால் இதழின் சீனியர் போட்டோகிராபர் டெல்லிக்குப் போனார். நம்ம ஆளுக்குக் கொச்சி. ஆனால் கொச்சி ஒன்றும் இளைத்ததில்லை. பிரேசிலும் ஸ்பெயினும் அங்கேதான் ஒரே குரூப்பில். கூடவே வட கொரியா, நைஜர்.

சென்ட்ரலில் திருவனந்தபுரம் மெயில் பிடித்து மறுநாள் காலையில் எர்ணாகுளம் டவுனில் இறங்கினார். கொச்சி மெட்ரோ அந்த ஸ்டேடியம் வரைக்கும் நீண்டது அக்டோபர் 3-ம் தேதிதான். முதல் மேட்ச் 7-ம் தேதி. ரயில் பெட்டியில் பெயின்ட் வாசம் கூடப் போகவில்லை என்று பின்னால் சொன்னார். கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் அவர் போட்டோ, அவர் பெயர். ஊரெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக் கொடுத்தவருக்குத் தன் போட்டோவை அப்படி ஒரு அட்டையில் பார்க்க வெட்கமாக இருந்ததாம். அட்டையைப் படம் எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "தாடியை எடுத்திருக்கலாம்" என்று பதில் வந்தது.

இனி கொஞ்சம் டெக்னிக்கல் சமாச்சாரம். மண்டபத்தில் 1/125 வினாடி ஷட்டரும் ஒரு ஃப்ளாஷும் போதும். ஃபுட்பாலில் 1/125 வைத்தால் கால் இருக்கும் இடத்தில் புகைதான் இருக்கும். 1/1000-வது வேண்டும். ஃப்ளாஷ் போடக் கூடாது. இரவு விளக்கில் அந்த வேகத்துக்குப் போனால் படம் இருட்டாகும், அதைச் சமாளிக்க ஐஎஸ்ஓ-வை 3200-க்கு மேல் ஏற்றினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் பெரிய லென்ஸ் வேண்டும். 70-200 லென்ஸ் ஒன்றை சென்னையிலேயே வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் இருந்த 400 லென்ஸ்கள் பீரங்கி மாதிரி இருந்தன. ஒற்றைக்கால் ஸ்டாண்ட் இல்லாமல் அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது.

எல்லாவற்றையும் விட முக்கியம், எங்கே உட்காருவது என்பது. ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் இடம் பிடித்தால் அந்தப் பாதி முழுக்க அங்கேதான். ஆட்டம் நடக்கும்போது எழுந்து எதிர்ப்பக்கம் ஓட முடியாது, இடைவேளையில்தான் மாறலாம். அந்த முனையில் கோல் விழுந்தால் உங்களுக்குத் தெரிவது ஆட்டக்காரர்களின் முதுகு. கல்யாண வீட்டில் பின்வரிசைக்காரர் படும் பாடு அப்போதுதான் புரிந்திருக்கும் :-)

7-ம் தேதி மாலை 5 மணிக்கு பிரேசில் - ஸ்பெயின். ஐந்தாவது நிமிடத்தில் பிரேசில் பையன் ஒருவன் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் திருப்பிவிட்டான். 25-வது நிமிடத்தில் லிங்கன் சமன் செய்தான். இடைவேளைக்குச் சற்று முன் பாலின்ஹோ இன்னொன்று போட்டான். 2-1, அதற்குப் பிறகு கோல் இல்லை. பிரேசில் என்றால் கேரளா எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் ஜெர்சியும் கூச்சலும்தான். நம்ம ஆளுக்கு நல்ல படங்களே கிடைத்தன. ஆசிரியருக்கு அவை உடனே வேண்டும்.

எட்டு மணிக்கு இரண்டாவது மேட்ச், நைஜர் - வட கொரியா. முதல் பாதியில் கோல் இல்லை. இடைவேளையில் பத்திரிகையாளர் அறைக்கு ஓடி பிரேசில் படங்களை அனுப்ப ஆரம்பித்தார். நெட் நகரவில்லை. "லிங்கன் குதிக்கிற மாதிரி வேற இருக்கா?" என்று ஆசிரியர் போனில். இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. இன்னும் நாலு படம்தானே, கோல் இல்லாத மேட்ச்தானே என்று உட்கார்ந்திருந்தார்.

வெளியிலிருந்து ஒரு பெரும் சத்தம். தலையைத் தூக்கி டிவியைப் பார்த்தால் ரீப்ளே ஓடுகிறது. 59-வது நிமிடம், நைஜரின் சலீம் அப்துரஹ்மான். அந்த நாடு எந்த உலகக் கோப்பையிலும் ஆடியது அதுதான் முதல் தடவை. அது அவர்களுடைய முதல் உலகக் கோப்பை கோல். மைதானத்தில் அட்டையும் இடமும் இருந்த மனிதர், சுவரில் இருந்த டிவியில் அதைப் பார்த்தார், நாம் வீட்டில் பார்ப்பது போல.

ஓடினார். மீதி நேரம் எடுத்தார். 1-0 என்று முடிந்தது, நைஜர் பையன்கள் கட்டிப்பிடித்துக் கொண்டதை எடுத்தார். அவசரமாக நாலு படம் அனுப்பி, அவசரமாகவே கீழே வரிகள் எழுதினார்: "வெற்றிக் களிப்பில் நைஜீரிய வீரர்கள்."

ஆசிரியரும் கவனிக்கவில்லை. இரவு முழுக்க அப்படியே இருந்தது. காலையில் டெல்லியிலிருந்து சீனியரின் போன்.

"டேய், நைஜீரியா இந்த உலகக் கோப்பையிலேயே இல்லடா."

"ஐயோ, சாரிண்ணா. அவசரத்துல... ரெண்டு எழுத்து தானேண்ணா."

"ரெண்டு எழுத்தா? நைஜீரியா ஏன் இல்லன்னு தெரியுமா உனக்கு?"

தெரியவில்லை. சீனியர் சொன்னார். 2013-லும் 2015-லும் இந்தக் கோப்பையை வென்றது நைஜீரியா. 2017-க்கான ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. வெளியேற்றியது யார்? இதே நைஜர். முந்தைய இரண்டு தடவையும் சாம்பியனான பக்கத்து நாட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொச்சிக்கு வந்து, முதல் கோலைப் போட்டு, முதல் வெற்றியும் பெற்ற பையன்களுக்கு, தோற்றுப்போனவர்களின் பெயரை வைத்திருக்கிறார் நம்ம ஆள்.

காமர்ஸ் நண்பர்களுக்கு இது உடனே புரியும். ராமன் கணக்கில் எழுத வேண்டிய தொகையை ராமநாதன் கணக்கில் எழுதிவிட்டால் ட்ரையல் பேலன்ஸ் என்ன காட்டும்? ஒன்றும் காட்டாது. இரண்டு பக்கமும் அழகாக டேலி ஆகும். ஆனால் ராமனைப் பொறுத்தவரை அவர் பணமே கட்டவில்லை! நம்ம ஆளின் படமும் அப்படித்தான். ஃபோகஸ் சரி, வெளிச்சம் சரி, முகங்களில் சந்தோஷம் சரி. ஆள் மட்டும் வேறு.

திருத்தினார்கள். அந்த இதழுக்கு அன்று எத்தனை வாசகர்கள் இருந்திருப்பார்கள், பெரும்பாலும் யாருமே கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் 8-ம் தேதி முழுக்க லாட்ஜ் அறையை விட்டு அவர் வெளியே போகவில்லை.

9-ம் தேதி இரவு அதே அறையில் டிவியில் இந்தியா - கொலம்பியா. 82-வது நிமிடத்தில் பெங்களூரு பையன் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்க, மணிப்பூரின் ஜீக்சன் சிங் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். ஃபிஃபா உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல். ஸ்டேடியமே எழுந்து நின்றது. அடுத்த நிமிடமே, 83-ல், கொலம்பியா எதிர்முனையில் கோல் போட்டு 2-1 ஆக்கிவிட்டது. அதுதான் முடிவு.

சீனியருக்குப் போன் போட்டார். "எடுத்தீங்களாண்ணா?"

"முதலாவது எடுத்தேன். ரெண்டாவது என் பக்கம் இல்ல. நான் அப்ப நம்ம பசங்க கட்டிப்பிடிக்கிறத எடுத்துட்டு இருந்தேன்."

"ரெண்டையும் யாராவது எடுத்திருப்பாங்களா?"

"ஒரே ஆள் எப்படிடா எடுக்க முடியும்? ரெண்டு முனையிலயும் உட்கார முடியுமா? போறது போகும். கிடைச்சதுக்கு ஒழுங்கா பேர் எழுது, போதும்."

கோலைத் தவறவிட்டதற்காக இரண்டு நாளாகத் தூங்காதவருக்கு இது பெரிய ஆறுதல். தவறவிடுவது இந்தத் தொழிலில் தினமும் நடப்பது. எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் எதிர்முனை எதிர்முனைதான். ஆனால் பெயர் தப்பாவது அப்படி இல்லை. அதற்கு லென்ஸ் வேண்டாம், இடமும் வேண்டாம். ஒரு பேனாவும் பத்து நிமிடப் பொறுமையும் இருந்தால் போதும்.

10-ம் தேதி ஸ்பெயின் - நைஜர். ஆட்டத்துக்கு முன்னால் கொடுக்கும் அணிப் பட்டியலை வாங்கி, முதல் வேலையாக அதையே ஒரு படம் எடுத்துக் கொண்டார். கேமராவிலேயே இருந்தால் தொலையாது. தேசிய கீதத்துக்கு வரிசையாக நிற்கும்போது இடமிருந்து வலமாக முகங்கள். திரும்பி ஓடும்போது முதுகில் உள்ள நம்பர்கள். பிறகு பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார். (பேங்க் ரீகன்சிலியேஷன்தான், வேறென்ன!)

ஸ்பெயின் 4-0 என்று ஜெயித்தது. ஸ்பெயின் கோல் போடும் முனையில் அன்று நல்ல கூட்டம் இருந்திருக்கும். நம்ம ஆள் இரண்டு பாதியிலும் எதிர்முனையில், நைஜர் கோல் அடிக்க வேண்டிய பக்கத்தில் உட்கார்ந்தார். பந்து அந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. கோல் ஒன்றுகூட வரவில்லை. ஆனால் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுக்கோட்டுக்கு நடந்து வந்து மறுபடி பந்தை வைக்கும் முகங்கள் கிடைத்தன. அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் முழுப் பெயர், நம்பர், நாடு. ஆசிரியர் ஒன்றே ஒன்றைத்தான் போட்டார், அதுவும் கடைசியில்.

தோற்றாலும் நைஜர் அடுத்த சுற்றுக்குப் போனது. அங்கே கானாவிடம் 2-0 என்று தோற்று ஊர் திரும்பியது. கோப்பையை இங்கிலாந்து வாங்கியது. கொல்கத்தாவில் ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் பின்தங்கி, 5-2 என்று வென்ற அந்த ஃபைனலை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அன்றைய இங்கிலாந்து அணியில் இருந்த ஃபில் ஃபோடன் இன்று உலகத்துக்கே தெரிந்த பெயர். கொச்சியில் ஆடிய ஸ்பெயின் பையன் ஃபெரான் டோரஸ் 2024-ல் ஐரோப்பியக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். அவர்களுக்கு இனி யாரும் பெயர் எழுதித் தர வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்தாலே போதும்.

ஆனால் அந்த 24 அணிகளில் பெரும்பாலான பையன்களுக்கு அந்த மூன்று வாரம்தான் உச்சம். பதினேழு வயதில் உலகக் கோப்பை ஆடிவிட்டு, பிறகு வேறு வேலைக்குப் போனவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்றைக்காவது தேடிப் பார்த்தால், படத்துக்குக் கீழே இருக்கும் அந்த ஒரு வரிதான் சாட்சி. அதில் வேறு நாட்டின் பெயர் இருந்தால்?

கொச்சி முடிந்து லென்ஸைத் திருப்பிக் கொடுத்து, கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். வாடகை, லாட்ஜ், சாப்பாடு எல்லாம் போக இதழ் கொடுத்தது பாதிக்குக்கூட வரவில்லை. அட்டை மட்டும் ஸ்டூடியோவில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருபவர்கள் கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் விட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இப்போதும் போகிறார். ஊர்ப் பசங்களுக்கு ஜெர்சி நம்பர் எல்லாம் கிடையாது. பாதிப் பேர் பள்ளிக்கூட பனியனில், இரண்டு பேர் ஒரே மெஸ்ஸி சட்டையில். அதனால் ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஒரு நோட்டில் பெயர் எழுதுகிறார். இனிஷியல், என்ன கலர் பனியன், எந்தத் தெரு. பசங்களுக்குப் பொறுமை இருக்காது. "சீக்கிரம்ணா, வெயில் வந்துடும்" என்று கத்துவார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இன்னொரு தடவை கேட்டு எழுதிக்கொள்வார்.