தனி ஆளுக்கு ஓர் ஊர்

மே 25, 2025, சென்னை, பெருங்குடி

வீட்டு உரிமையாளர் காலையில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் அடுத்த மாதத்திலிருந்து வாடகை 22,000. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஆள் திரும்ப முடியாத சமையலறை. பராமரிப்புக் கட்டணம் தனி. கோடையில் தண்ணீர் லாரிக்குப் பங்குப் பணம் தனி. குடிக்க கேன் தண்ணீர், அதுவும் தனி.

என் கைக்கு வரும் சம்பளம் 68,000. மென்பொருள் நிறுவனத்தில் பயனர் கையேடுகள் எழுதும் வேலை. வயது முப்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ளும் எண்ணமும் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய இந்தப் பகுதிகளில் கணவனும் மனைவியும் சேர்ந்து சம்பாதிக்கும் வீடுகளை மனதில் வைத்துத்தான் வாடகை சொல்கிறார்கள். இருவர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 11,000. எனக்கு முழுத்தொகையும் என் தலையில். இணைய இணைப்பு, காஸ், வாசல் விளக்கு எதுவுமே பாதி விலைக்கு வராது. தனி ஆள் சென்னையில் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை வருடா வருடம் கூட்டிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய எங்கள் தெருவில் தண்ணீர் வடியும்வரை மாடியிலேயே கிடந்தோம். அந்த வருடமும் வாடகை ஏறத்தான் செய்தது.

ஜூன் 6

அம்மா இருக்கும் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், திருச்சிக்குப் போய்விடலாம் என்றிருப்பதாக மேலாளரிடம் சொன்னேன். "தாராளமா போங்க, உங்க வேலை எங்கிருந்தும் செய்யற வேலைதானே" என்றார். வாய்வார்த்தை போதாது, மெயிலில் வேண்டும் என்றேன். இரண்டு நாள் கழித்து மனிதவளப் பிரிவிலிருந்து வந்தது. மாதத்தில் மூன்று நாள் அலுவலகம் வரவேண்டும். பயணச் செலவு என்னுடையது. சம்பளத்தில் மாற்றம் இல்லை. கடைசி வரிக்காகத்தான் எழுத்தில் கேட்டேன். ஊர் மாறினால் ஊருக்கேற்ப சம்பளத்தைக் குறைக்கும் நிறுவனங்கள் உண்டு.

வருமான வரியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப்படி விலக்கைக் கணக்கிடும்போது சென்னை வீட்டுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். திருச்சி வீட்டுக்கு 40. அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது, குடியிருக்கும் வீடு எங்கே என்பதே கணக்கு. வாடகையே பாதியாகும்போது இது பெரிய இழப்பில்லை. ஆனாலும் பேப்பரில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன்.

ஜூன் 15, புதுக்கோட்டை

அம்மாவிடம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த நிமிஷமே, "திருச்சிக்கு எதுக்கு வாடகை குடுக்கணும்? இங்க மாடி சும்மாதான கெடக்கு" என்றாள்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். "அம்மா, எனக்குன்னு ஒரு வீடு வேணும். ராத்திரி பத்து மணிக்கு மீட்டிங் இருக்கும், காலைல எட்டு மணிக்கு எந்திரிப்பேன். நீ அஞ்சு மணிக்குக் கோலம் போட்டுட்டு, இன்னும் எந்திரிக்கலையான்னு கேப்ப" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. அக்காதான் உள்ளேயிருந்து, "அவ சொல்றது சரிதாம்மா. ஒண்ணேகால் மணி நேரத்துல வந்துருவா. அது போதாதா?" என்று கேட்டாள்.

தனியாக வாழ்கிறவள் தன் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வைத்துக்கொள்வது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. எனக்கு அது ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் என்று தோன்றுகிறது. உடம்புக்கு முடியவில்லை என்றால் ஓடி வரலாம். உப்பு தீர்ந்துபோனதற்கு வர முடியாது.

ஜூன் 29, திருச்சி

வீடு பார்த்த கதையை விரிவாகவே எழுதிவைக்கிறேன். இப்படி வருகிற இன்னொருத்திக்கு உதவும்.

தில்லைநகரில் முதல் வீடு. உரிமையாளர் அம்மா வீட்டைக் காட்டும்வரை அன்பாகத்தான் இருந்தார். "சார் எங்க வேலை பாக்கறாரு?" என்று கேட்டார். சார் இல்லை என்றதும், பையனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கைப்பேசி எண்ணைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்தது கே.கே. நகர். "பேச்சிலருக்குக் குடுக்கறதில்லைங்க" என்றார்கள். முப்பத்தேழு வயதில், வேலைக் கடிதமும் வங்கிக் கணக்கும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கும் கல்லூரிப் பையன்களுக்கும் அதே ஒரு சொல்தான். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீதியில் தரகர் வாசலிலேயே நிறுத்தி, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். சொல்ல மறுத்துவிட்டேன். வீட்டை உள்ளே போய்ப் பார்க்கவே இல்லை. இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் ராஜகோபுரம் அங்கிருந்து தெரிந்தது. எல்லோரும் உள்ளே வரலாம் என்று சொல்லும் கோபுரத்தின் நிழலில் வாடகை வீட்டுக்கு இந்தக் கேள்வி. எனக்கு ஆத்திரம் அடங்க அரை நாள் ஆனது.

சென்னையிலும் இதெல்லாம் உண்டு. அங்கே வீடுகள் அதிகம் என்பதால் நாலு கதவு சாத்தினாலும் ஐந்தாவது திறக்கும். சிறிய ஊரில் தனி ஆளுக்கு வீடு கொடுப்பவர்கள் சிலர்தான், அதனால் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் சுருங்குகிறது. வாடகைக் குறைவு விளம்பரத்தில் தெரியும், இது தெரியாது.

கடைசியில் புத்தூர் தாண்டி வயலூர் சாலையின் கிளைத் தெரு ஒன்றில், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் கொடுத்தார். கீழ்வீட்டில் அவர். மேலே இரண்டு சிறு வீடுகள். "சம்பளச் சீட்டு இருக்கா? ஆதார் இருக்கா? வேற எதுவும் எனக்கு வேணாம்" என்றார். வாடகை 10,500. முன்பணம் மூன்று மாதம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுமாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதியவும் சொல்கிறது. அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்துப் பழகிய எனக்கு மீதிப் பணத்தை வங்கியில் பார்க்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது.

ஜூலை 20

வந்து சேர்ந்தாயிற்று. பஞ்சப்பூரில் கட்டிய புதிய பேருந்து முனையம் இந்த வாரம்தான் இயங்க ஆரம்பித்திருக்கிறது. வெளியூர்ப் பேருந்துகள் அங்கே போகின்றன. அந்தப் பக்கம் வாடகை ஏறிவிட்டது என்று தரகர் பெருமையாகச் சொன்னார்.

காலையில் தென்னூர் உழவர் சந்தை. இன்னும் ஈரம் காயாத கீரை, பிஞ்சு வெண்டை, கொத்தவரை. ஒரு ஆளுக்கு வேண்டியதைக் கால் கிலோ, நூறு கிராம் என்று முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுக்கிறார்கள். சென்னையில் சூப்பர் மார்க்கெட் பையில் கட்டிவைத்ததை வாங்கிப் பாதியை அழுகவிட்டதற்கு இது எவ்வளவோ மேல்.

பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. சென்னையிலும் அப்படித்தான், ஆனால் அங்கே என் அலுவலகத்துக்கு அது ஒன்றரை மணி நேரம். இங்கே எங்கே போனாலும் அரை மணிக்குள். ஆட்டோதான் சிக்கல், மீட்டர் போடுவதில்லை, ஒவ்வொரு தடவையும் பேரம்.

காவிரியிலும் கொள்ளிடத்திலும் உள்ள கிணறுகளிலிருந்து எடுக்கும் தண்ணீர்தான் ஊருக்கு வருகிறது. குழாயில் பிடித்துக் காய்ச்சிக் குடிக்கிறேன். கேன் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. மேட்டூர் இந்த வருடம் ஜூன் மாதமே நிரம்பிவிட்டதால் ஆறு கரைகொள்ளாமல் ஓடுகிறது. கீழ்வீட்டு அம்மா, "அம்மா மண்டபத்துல இன்னைக்கு நிக்க முடியாது, அய்யாளம்மன் படித்துறைக்கு வா" என்று கூட்டிப்போனார். காப்பரிசி, காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு. யாரென்று தெரியாத ஒரு பாட்டி என் கையில் கயிறு கட்டிவிட்டு, மடியில் ஒரு பிடி காப்பரிசியைப் போட்டாள். எதையும் விசாரிக்கவில்லை.

அக்டோபர் 12

நான்கு நாளாகக் காய்ச்சல். நேற்று இரவு எழுந்து நிற்க முடியவில்லை. கீழ்வீட்டு அம்மாவைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். ஆட்டோ பிடித்துத் தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு மருத்துவமனை. தஞ்சாவூர், பெரம்பலூர், கரூர் என்று சுற்றுப்பட்டு மாவட்டங்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். மருத்துவத்துக்குக் குறைவில்லாத ஊர் என்பது தனி ஆளுக்கு வாடகையைவிட முக்கியம்.

டெங்கு. தட்டணுக்கள் குறைந்திருந்தன. சேர்க்கவேண்டும் என்றார்கள். வரவேற்பில் இருந்த பெண் படிவத்தை நீட்டி, "அட்டெண்டர் யாரு? ரத்த சொந்தம் யாராவது கையெழுத்துப் போடணும்" என்றாள். நானே போடுகிறேன், காப்பீட்டு அட்டை இருக்கிறது, எனக்கு நினைவு தெளிவாக இருக்கிறது என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வாதாடத் தெம்பு இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டு அம்மா படிவத்தை வாங்கி, உறவுமுறை என்ற இடத்தில் 'சித்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விடிவதற்குள் அம்மாவும் அக்காவும் புதுக்கோட்டையிலிருந்து வந்துவிட்டார்கள். பெருங்குடியில் இருந்திருந்தால் அவர்கள் வந்து சேர மத்தியானம் ஆகியிருக்கும். இந்த ஊருக்கு வந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். இதைப் பணக்கணக்கில் சேர்க்க முடியவில்லை, ஆனால் முதல் வரியில் எழுதவேண்டியது இதைத்தான்.

நவம்பர் 16

மாடியில் என் பக்கத்து வீட்டை வாடகைக்குப் பார்க்க ஒரு பெண் வந்தாள். ஆய்வகத் தொழில்நுட்பர். சொந்த ஊர் துறையூர் பக்கம். வீடு பிடித்திருந்தது. வாடகையைக் கேட்டுவிட்டுத் தயங்கினாள். மாடியில் காப்பி கொடுத்து உட்காரவைத்தேன்.

"உங்களுக்கு பத்தாயிரத்தி ஐநூறு கம்மியா தெரியுதுக்கா. எனக்குச் சம்பளமே பதினெட்டு."

அவள் போனபிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர் கொடுத்தது 8,000 என்று எதிர்வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். திருச்சி மலிவு என்று நான் சொல்வது சென்னைச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு. இங்கே மருத்துவமனையிலும், பள்ளியிலும், என்.எஸ்.பி. சாலைத் துணிக்கடையிலும் வேலை பார்க்கிற தனிப் பெண்ணுக்கு இதுவும் பெருங்குடிதான். சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போகும் அவளுக்குப் போக இன்னொரு மலிவான ஊர் கிடையாது. பெண்கள் விடுதியில் மூன்று பேரோடு ஒரு அறை, அவ்வளவுதான். அரசின் தோழி விடுதி திருச்சியிலும் இருக்கிறது. அதைப்போல இன்னும் பல வேண்டும்.

மாலையில் கீழே போய் அந்த அம்மாவிடம் பேசினேன். பக்கத்து வீடு அளவில் சின்னது, வெயில் விழும் பக்கம், பழைய வாடகைக்கே கொடுங்கள் என்றேன். கொஞ்சநேரம் கணக்குப் போட்டுவிட்டு, 8,000-க்குச் சம்மதித்தார். அவருக்கும் ஓய்வூதியம் சொற்பம்தான். வாடகையை நம்பித்தான் மருந்துச் செலவு ஓடுகிறது. சம்மதித்தது பெரிய மனசு.

டிசம்பர் 28

மாதத்தில் அலுவலகத்துக்குப் போகவேண்டிய நாட்களுக்கு இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்தான். ரயில்வே முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும்; அலுவலகத் தேதி முன்கூட்டியே தெரிந்தால் படுக்கை கிடைக்கும், தெரியாவிட்டால் பேருந்தில் முதுகு வலிக்க வேண்டியதுதான். ரயில், சென்னையில் தங்கும் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,500 ஆகிறது. கைப்பேசி, இணையம், காப்பீடு, ஆவின் பால், பெட்ரோல் எதுவும் குறையவில்லை. வாடகையும் பராமரிப்பும் தண்ணீரும் குறைந்ததில், சென்னைப் பயணம் போக, மாதம் 9,000 மிஞ்சுகிறது. இந்த ஊருக்கு வந்ததில் எனக்கு முழுத் திருப்தி.

பழைய அலுவலகத் தோழி நேற்று கூப்பிட்டாள். அவளும் தனி ஆள். அவளும் வரலாமா என்று கேட்டாள். வா என்றேன். வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்பதை மெயிலில் வாங்கிக்கொண்டு வா. இங்கே இறங்கியதும் மருத்துவமனைப் படிவத்தில் கையெழுத்துப் போட இரண்டு பேரைத் தேடிக்கொள். வீட்டுக்காரர் கேட்கும் வாடகையை அப்படியே ஒப்புக்கொள்ளாதே, அந்தத் தெருவில் மற்றவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து அதையே கொடு. நீ கூடுதலாகக் கொடுப்பதுதான் அடுத்து வருகிற உள்ளூர்ப் பெண்ணிடம் கேட்கும் வாடகையாகும்.

வீடு வாடகைக்கு விடுகிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வாசலில் தனியாக ஒருத்தி வந்து நின்றால் சம்பளச் சீட்டைக் கேளுங்கள், ஆதாரைக் கேளுங்கள், முந்தைய வீட்டுக்காரரின் எண்ணைக் கேளுங்கள். கணவர் யார், சாதி என்ன என்று கேட்காமல் சாவியைக் கொடுங்கள்.