ஆம்பூர் ஷூவும் அமெரிக்க வரியும்: காட்பாடிக் குறிப்புகள்

முதலில் ஒரு ஜோடி ஷூவின் கணக்கு. ஆம்பூரில் தைத்துச் சென்னையில் கப்பலேற்றும்போது அதன் விலை 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்கள் போடும் சாதாரணத் தோல் ஷூவுக்கு அமெரிக்கா நெடுங்காலமாக வாங்கிவந்த வரி 8.5 சதவீதம். அதாவது 1 டாலர் 70 சென்ட். 2025 ஆகஸ்ட் 7 அன்று அதன்மேல் 25 சதவீதம் ஏறியது. இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குகிறது என்று காரணம் சொல்லி ஆகஸ்ட் 27 அன்று இன்னொரு 25. இரண்டும் சேர்ந்து 10 டாலர். ஆக, 20 டாலர் ஷூவுக்கு வரி மட்டும் 11 டாலர் 70 சென்ட். அதே ஷூ அப்போது வியட்நாமிலிருந்து போயிருந்தால் கூடுதல் வரி 20 சதவீதம்தான். மொத்தம் 5 டாலர் 70 சென்ட். வித்தியாசம் ஜோடிக்கு 6 டாலர். இருபது டாலர் ஷூவில் ஆறு டாலர் லாபம் பார்க்கும் கம்பெனி இந்தப் பக்கத்தில் எதுவும் எனக்குத் தெரியாது.

*

வரி கட்ட வேண்டியவர் அமெரிக்காவில் இறக்குமதி செய்கிறவர். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அவர் ஆம்பூருக்குப் போன் போடுகிறார்: விலையைக் குறைத்துக்கொடுங்கள், இல்லையென்றால் ஆர்டர் நிற்கட்டும். ஷூ கம்பெனி டேனரிக்காரரிடம் பேசுகிறது. டேனரிக்காரர் தோல் மண்டியில் பேசுகிறார். இன்னொரு பக்கம், அப்பர் எனும் ஷூவின் மேல்பகுதியைத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டோடு பேரம் நடக்கிறது. பத்து மெஷின், இருபது மெஷின் போட்ட யூனிட்கள் இந்த ஊர்களெங்கும் உண்டு. அங்கே பல இடங்களில் கூலி பீஸ் ரேட். மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பேரம் வந்து நிற்கிறது. அவள் பேரம் பேசுவதற்கு அவளுக்குக் கீழே யாரும் இல்லை.

2019-ல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில், ராணிப்பேட்டை தனியாக, பேரணாம்பட்டும் காட்பாடியும் வேலூரில். தொழில் பிரியவில்லை. ராணிப்பேட்டையில் பதனிட்ட தோல் பேரணாம்பட்டில் அப்பராகி ஆம்பூரில் ஷூவாகலாம். வேலை இழந்தவர்களை எண்ணுவதானால் மூன்று மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து உட்கார்ந்துதான் எண்ண வேண்டும்.

*

ஆகஸ்ட் கடைசி வாரம். 27-ஆம் தேதிக்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்கு முன் அமெரிக்கச் சுங்கத்தில் பதிவாகும் சரக்குக்கு இரண்டாவது 25 சதவீதம் கிடையாது என்று ஒரு சலுகை. நடுவே மூன்று வாரம். சென்னையிலிருந்து நியூயார்க் போய்ச்சேரக் கப்பலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். செங்கடல் வழி ஆபத்தாகிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியபின் இன்னும் கூடுதல். ஆக, முன்கூட்டியே ஏற்றிவிட்டவர்களுக்கும் விமானக் கூலி கொடுக்க முடிந்தவர்களுக்கும்தான் அது சலுகை. சின்ன ஏற்றுமதியாளர் இரண்டு வகையிலும் சேரமாட்டார்.

"பாய், கண்டெய்னர் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுப்பா. அங்க இறங்கும்போது என்ன வரியோ, அது ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

*

இந்தப் பகுதிக்கு எல்லை தாண்டிவரும் விதி புதிதல்ல. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்க வேண்டும்.

நூறாண்டுக்கு மேலாக இங்கிருந்து போனது பாதி பதனிட்ட தோல். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோலை ஐரோப்பா வாங்கி, மெருகேற்றி, அங்கே ஷூ செய்து விற்றது. 1972-ல் சீதாராமையா குழு, முடித்த தோலும் தோல் பொருளும்தான் வெளியே போக வேண்டும் என்றது. 1973-ல் பச்சைத் தோல் ஏற்றுமதி நின்றது. பாதி பதனிட்ட தோலுக்குக் கோட்டா வந்தது. அது நம் அரசே போட்ட விதி. பலருக்குக் கஷ்டம், சிலருக்கு நஷ்டம். ஆனால் ஆம்பூர் ஷூ தைக்கக் கற்றது அதற்குப் பிறகுதான்.

1989-ல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலைத் தடைசெய்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் மருந்து அது. இங்கிருந்து போகும் தோலிலும் இருந்தது. வேறு மருந்துக்கு மாற வேண்டியிருந்தது. மாறினார்கள். 1994-ல் அதே ஜெர்மனி, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாக உடையக்கூடிய அசோ சாயங்களைத் தடைசெய்தது. எந்தச் சாயம் தப்பானது என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடையாறில் 1948 முதல் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சோதனை முறைகளையும் மாற்றுச் சாயங்களின் விவரத்தையும் தந்தது. டேனரிக்காரர்கள் தோல் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு சென்னை பஸ் ஏறிய காலம் அது.

2015 மே முதல் ஐரோப்பாவில் இன்னொன்று: உடம்பில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிற குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. டேனரியில் போடுவது மூன்று இணைதிற குரோமியம். அது அவ்வளவு கெடுதல் இல்லை. தோல் இங்கே சோதனையில் தேறிவிடும். பிறகு சூட்டிலும் வறட்சியிலும் நாள்பட்டுக் கிடக்கும்போது, தோலில் ஏற்றிய எண்ணெய் சரியில்லையென்றால், அதே குரோமியம் கெட்ட வகையாக மாறிவிடும். ஊரில் நல்ல தோல், ஹாம்பர்க்கில் விஷத்தோல். அதைத் தடுக்கும் வழிகளில் ஒன்று, குரோம் போட்ட தோலுக்கு மறுபடி தாவரச் சாறு காட்டுவது. பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்பு அந்த மாற்றத்தை அடக்குகிறது. தாத்தா காலத்துத் தொட்டியில் இருந்த பொருளின் வேலையைப் பேரன் ஆய்வுக்கூட அறிக்கையில் படித்துத் தெரிந்துகொண்டான். இதை எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உள்ளூரிலும் ஒன்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்தது பாலாற்றுத் தண்ணீரால்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேராமலும் சொந்தமாக ஒன்று அமைக்காமலும் இருந்தவர்கள் டேனரியை மூட வேண்டியிருந்தது. பாலாறு பட்ட பாட்டுக்கு அந்தத் தீர்ப்பு தாமதமாகத்தான் வந்தது என்பேன்.

*

மேலே சொன்ன எந்த விதிக்கும் ஒரு விடை இருந்தது. மருந்தை மாற்று, சாயத்தை மாற்று, தண்ணீரைச் சுத்தம் செய். செய்தால் கதவு திறக்கும். இன்னொன்று, அந்த விஷங்களை முதலில் தொட்டது ஜெர்மன்காரரின் கால் அல்ல. டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப்போடும் நம் ஆளின் கை. அவர்களுக்காகப் போட்ட விதி நம்மையும் காத்தது.

ஐம்பது சதவீத வரிக்கு அப்படி விடை இருக்கவில்லை. ஷூவை எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் 50. எவ்வளவு சுத்தமான தோலில் செய்தாலும் 50. "அசோ வந்தப்பவும் சமாளிச்சோம், இதையும் சமாளிப்போம்" என்று சொல்கிற பெரியவர்களின் தைரியத்தை மதிக்கிறேன். ஆனால் இரண்டையும் ஒரே வரிசையில் வைக்க என்னால் முடியாது. அது தேர்வு, படித்துத் தேறலாம். இது தேசத்தின் பெயரைப் பார்த்துப் போட்ட அபராதம்.

அந்த வரி விலகியதும் அப்படித்தான். 2026 பிப்ரவரித் தொடக்கத்தில் வாஷிங்டனும் டெல்லியும் பேசி வரி 18 சதவீதம் ஆகும் என்று அறிவிப்பு வந்தது. அதே மாதம் 20-ஆம் தேதி, அவசரநிலைச் சட்டத்தின் கீழ் போட்ட வரிகள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே வேறொரு சட்டப் பிரிவில் புதிய வரி. ஆம்பூரில் யாரும் எதையும் மாற்றிச் செய்ததால் வந்த குறைவல்ல அது. கோடைகால ஷூவுக்கு ஆர்டர் பேச வேண்டிய மாதங்களோ அதற்குள் போய்விட்டன.

*

தமிழ்நாட்டு முதல்வராக ஸ்டாலின் 2025 ஆகஸ்டில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் இருந்த ஒரு ஒப்பீடு: இந்தியாவின் சரக்கு ஏற்றுமதியில் அமெரிக்காவுக்குப் போவது 20 சதவீதம், தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 சதவீதம். அடி எங்கே அதிகம் விழும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

*

தபால். அமெரிக்காவில் 800 டாலர் வரையான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று முடிவுக்கு வந்தது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாததால் விமான நிறுவனங்கள் தபாலை ஏற்க மறுத்தன. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் பெரும்பாலான பார்சல்களை நிறுத்தியது. சில நாட்களில் கடிதம் உட்பட எல்லாமே நின்றது. பேத்திக்குத் தீபாவளிப் பட்டுப்பாவாடை அனுப்ப வந்த ஓர் அம்மாவும் கவுன்ட்டர்காரரும் பேசியது:

"அமெரிக்காவுக்கு இப்போ எதுவும் போகாதும்மா. லெட்டர்கூட."

"லெட்டருக்கும் வரியா சார்?"

"வரி இல்லம்மா. வழி இல்ல."

அக்டோபர் 15 அன்று மறுபடி திறந்தது. தீபாவளி 20-ஆம் தேதி. அப்போது புக் செய்யும்போதே பொருளின் மதிப்பில் 50 சதவீதம் வரியாகக் கட்ட வேண்டியிருந்தது. 100 டாலருக்கு உட்பட்ட அன்பளிப்புக்கு மட்டும் விலக்கு. இடைப்பட்ட வாரங்களில் மக்கள் கண்டுபிடித்த வழி பழைய வழிதான்: ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பெட்டியில் அரைக் கிலோ இடம் கேட்பது. இணையத்தில் பர்ஸும் பெல்ட்டும் ஒவ்வொன்றாக அமெரிக்காவுக்கு விற்றுவந்த இளைஞர்களுக்கு அந்த வழியும் கிடையாது.

*

ஆர்டர் நின்றால் நெடுஞ்சாலையோரத்து ஆம்பூர்க் கடைகளில் எக்ஸ்போர்ட் ஷூ மலிவாகக் கிடைக்குமே என்று கேட்கிறார்கள். அவ்வளவு எளிதல்ல. வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் பதித்த ஷூவை இங்கே விற்கப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. அளவு 11, 12 என்று இருக்கும். நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கால் அவ்வளவு நீளம் இல்லை. பனிக்காலத்துக்காக உள்ளே கம்பளி வைத்த பூட்ஸை வேலூர் வெயிலில் யார் போடுவார்கள்?

உண்மையில் உதவியது வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையான செருப்பு, ஷூவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் ஆனது. அதற்கு முன் ஆயிரத்தைத் தாண்டினாலே 18. 2,400 ரூபாய் ஷூவில் வரி 432-இலிருந்து 120 ஆகிறது. 312 ரூபாய் மிச்சம். உள்ளூர்க் காலுக்கு ஏற்ற அச்சில், அகலமான முன்பக்கத்தோடு, லைனிங் இல்லாமல் தைக்கத் தயாராகும் யூனிட்களுக்கு இது நல்ல வாய்ப்பு. நம்மவர்களுக்குத் தைப்பது இரண்டாம் தர வேலை என்ற எண்ணம் மட்டும் போக வேண்டும்.

*

பிரிட்டனோடு ஒப்பந்தம் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரி 27 அன்று அறிவித்தார்கள். தோலுக்கும் காலணிக்கும் அங்கே 17 சதவீதம் வரை இருக்கும் வரி நீங்கும். நல்லது. ஆனால் அதே ஐரோப்பாவின் காடழிப்புத் தடைச் சட்டம் 2023-லேயே வந்து, தள்ளித் தள்ளி 2026 டிசம்பருக்கு வந்திருக்கிறது. 2023-ல் வந்த வடிவில் அது மாட்டுத்தோலுக்கு, மாடு வளர்ந்த நிலத்தின் வரைபட ஆயத்தொலைவு வரை கேட்டது. ஆட்டுத்தோலுக்கு அப்படிக் கேட்கவில்லை. கிராமத்தில் ஒன்றிரண்டாக வாங்கி மண்டிக்கு வரும் மாட்டுத்தோலுக்கு அந்தக் காகிதம் எங்கிருந்து வரும்? விடை உள்ள விதிதான் இதுவும். இப்போதே மண்டியில் தொடங்கினால்.

*

காலை ரயிலில் ஆம்பூர் போகும் பெண்களிடம் கேட்டது: ஓ.டி. முதலில் நின்றது, பிறகு வாரத்தில் சில நாள் வேலை இல்லை. பேப்பரில் வராத ஒரு கணக்கு இதில் இருக்கிறது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் விதிப்படி ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சம்பளம் பெற்றிருந்தால்தான், அதற்கான பயன்பெறும் காலத்தில் நோய்க்கால உதவித்தொகை உண்டு. 2025 அக்டோபர் முதல் 2026 மார்ச் வரையான நாட்களுக்குரிய பயன்பெறும் காலம் 2026 ஜூலை முதல் டிசம்பர் வரை. வரி இறங்கி, ஆர்டர் திரும்பி, எல்லாம் சரியாகிவிட்டது என்று பேசிக்கொண்டிருக்கும் ஜூலையில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால், குளிர்காலத்தில் 77 நாள் மட்டும் வேலை கிடைத்த காரணத்தால் உதவித்தொகை வராது.

ஆறு மாதம் என்பது 26 வாரம். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் 78. வேலை பாதியானாலும், ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பாமல் நாட்களைச் சமமாகப் பங்கிட்டால் எல்லோரையும் அந்த 78-க்குக் கொண்டுவந்துவிடலாம். இதற்கு டெல்லியும் வேண்டாம், வாஷிங்டனும் வேண்டாம். அடுத்த பங்களிப்புக் காலத்திலாவது ஒவ்வொரு கம்பெனியின் வருகைப் பதிவேட்டையும் இந்தக் கணக்கோடு யாராவது பார்க்க வேண்டும். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன், மேனேஜர்களிடமும் சொல்லப்போகிறேன்.