முயலுக்கு ஒரு மூலை

முயல் வளர்க்கிறேன் என்றால் தோழர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "கறிக்குங்களா?" இல்லை, சும்மா வளர்க்கத்தான் என்றால் முகம் மாறிவிடும். "நம்ம சனத்துக்கு ஆயிரம் பிரச்சினை கெடக்குது, உங்களுக்கு மொசலு கேக்குதா?" என்று நேராகவே கேட்டவரும் உண்டு. செல்லப் பிராணி என்றால் அது வசதியான சாதிக்காரன் வீட்டுச் சமாச்சாரம் என்று நாமே ஒப்புக்கொண்டுவிட்டோம். மதுரை மாவட்டத்தில் சில கிராமங்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடக்கூடாதாம். யார் எதை வளர்ப்பது என்பதிலும் சாதி புகுந்திருக்கிறபோது, எங்கள் வீட்டு முயலைப் பற்றிப் பேசுவதில் எனக்குக் கூச்சமில்லை.

நாங்கள் இருப்பது சூலூரில், ஒரு வளவில். இரண்டே அறை. மகள் ஆசைப்பட்டு ஒரு முயல்குட்டி வாங்கி வந்தாள். எங்கப்பா காலத்தில் முயல் என்றால் காட்டு முயல்தான். அது வேறு இனம். அதைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்ப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த இனம்.

குட்டியைப் பார்த்ததும் என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பீ மூத்தரம் அள்ளி அள்ளியே எங்காலம் போச்சு. இப்ப மொசப் பீயையும் அள்ளோணுமா?" அந்தச் சொல்லுக்குப் பின்னால் முப்பது வருஷம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் எடுப்புக் கக்கூஸ் காலத்து ஆட்கள். தகரமும் வாளியும் சாம்பலுமாகத் தெருத்தெருவாகப் போனவர்கள். போன வீடுகளிலெல்லாம் கக்கூஸ் இருந்தது. எங்கள் வளவில் ஒரு வீட்டிலும் இல்லை. நாங்கள் இருட்டியதும் காட்டுப்பக்கம் ஒதுங்கினோம். அதைப் பார்த்து "சுத்தமில்லாத சனம்" என்று சொன்னவர்கள், அம்மா கழுவிவிட்ட கக்கூசுக்குப் போய் வந்தவர்கள்.

முயலை ஓரிடத்தில் கழிக்கப் பழக்குவது பெரிய வித்தை இல்லை. அது தானாகவே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாள் பார்த்திருந்தால் எந்த மூலை என்று தெரிந்துவிடும். ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பில் செய்தித்தாள் விரித்து, மேலே வைக்கோல் போட்டு, அந்த மூலையிலேயே வைத்தோம். அதன் புழுக்கை கொஞ்சமும், மூத்திரம் நனைந்த காகிதத்தில் ஒரு துண்டும் அதற்குள் போட்டோம். டப்பின் ஒரு பக்கம் காய்ந்த புல். தின்றுகொண்டே கழிப்பது முயலின் வழக்கம். வேறெங்காவது மூத்திரம் பெய்தால் வினிகர் விட்டுத் துடைக்க வேண்டும்; வாடை போனால்தான் மறுபடி அங்கே போகாது. அடிக்கவோ அதட்டவோ கூடாது. அடித்தால் பயம்தான் பழகும். முதலில் சின்ன இடமாக விட்டு, பழகப்பழக இடத்தைப் பெரிதாக்க வேண்டும். பருவத்துக்கு வந்த முயல் கண்ட இடத்தில் மூத்திரம் பீய்ச்சும். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பதினைந்து நாளில் குட்டி பழகிவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்த அம்மா சொன்னார்: "எடம் குடுத்தா அதுக்குமே தெரியுது பாரு கண்ணு." சுத்தம் பிறப்பில் வருவதாகப் போதித்த நாட்டில் எங்கம்மா சொன்னது அந்த ஒரு வரி. எங்கள் வீட்டில் ஒரு விதியும் போட்டோம். யார் வளர்க்கிறார்களோ அவர்களேதான் அள்ள வேண்டும். வெடியால எழுந்ததும் மகள்தான் டப்பைக் கழுவுகிறாள். பாட்டி தொடுவதில்லை. புழுக்கை செடிக்கு உரமாகப் போய்விடுகிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தும், சாக்கடைக் குழிக்குள் நம்மாட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். தன் கழிவைத் தானே அள்ள வேண்டும் என்பதை இந்த நாடு இன்னும் படிக்கவில்லை.

தீனி விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று: முயலுக்குக் கேரட் முக்கியமில்லை, அதில் சர்க்கரை அதிகம். தீனியில் பெரும்பகுதி காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். அதன் பல் சாகும்வரை வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். அருகம்புல்லும் கொஞ்சம் கீரையும் தரலாம், புதுக்கீரையைச் சிறிது சிறிதாகத்தான் பழக்க வேண்டும். அரைநாள் ஒன்றும் தின்னவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். சூடும் ஆகாது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் அரசு ஆராய்ச்சி மையம் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களை வளர்க்கிறது. அது குளிர்ந்த இடம். சூலூரின் சித்திரை வெயிலில் ஈரச் சாக்கும் நிழலும் இல்லையென்றால் முயல் தாங்காது.

முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். கெட்டிப் புழுக்கை ஒன்று. இன்னொன்று மெத்தென்று இருக்கும். அதை உடனே குனிந்து தின்றுவிடும். அதில்தான் அதற்கு வேண்டிய வைட்டமினும் புரதமும் இருக்கிறது. அது குடலின் தேவை. பக்கத்துப் பையன் அதைப் பார்த்து "பீத்தின்னி" என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் தலித்துகள் இருவர் வாயில் மலத்தைத் திணிக்க வைத்தார்கள். 2022இல் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. முயல் தின்பது உயிர் வாழ. மனிதனுக்குத் தின்னக் கொடுப்பது அவனை மனிதன் இல்லை என்று சொல்ல.

ஒற்றை முயல் ஏங்கிப்போகும் என்று இரண்டாவதை வாங்கினோம். பழைய முயலின் இடத்தில் புதியதை விட்டதும் பாய்ந்து கடித்தது. ஏற்கனவே இருப்பது தன் தரையை விட்டுக்கொடுக்காது. இரண்டுக்கும் கருத்தடை செய்து, காயம் ஆறவிட்டு, இரண்டுமே அதுவரை போகாத இடத்தில் சந்திக்க விட வேண்டும். நாங்கள் மொட்டை மாடிக்குக் கொண்டு போனோம். பொழுதோட தினமும் கால்மணி நேரம், பக்கத்திலேயே புல் வைத்து. ஐந்து வாரம் கழித்து ஒன்று தலையைத் தாழ்த்த, மற்றது அதன் நெற்றியை நக்கிக்கொடுத்தது. அதற்குப் பிறகுதான் ஒரே இடத்தில் விட்டோம். இப்போது ஒட்டிக்கொண்டுதான் தூங்குகின்றன.

சுதந்திர தினத்துக்குக் கோயில்களில் சமபந்தி விருந்து நடக்கிறது. ஒரு மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அவரவர் தெருவுக்குத் திரும்பிவிடுகிறோம். அவர்கள் தரையில் நமக்கு இலை போட்டுவிட்டு அதற்குப் பெயர் ஒற்றுமை என்கிறார்கள். ஒற்றுமை வர வேண்டுமென்றால் யாருக்கும் சொந்தமில்லாத தரை வேண்டும், தினந்தோறும் வேண்டும். அந்தத் தரைக்கு முதலில் இறங்கி வர வேண்டியவர் யார் என்பதை அவர்களைத்தான் கேட்க வேண்டும்.