முள் தொட்ட பாட்டு

ஊர்த் திருவிழா என்றால் ஒலிபெருக்கிக்காரர் முதல் நாளே வந்துவிடுவார். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை வரை இதுவே வழக்கமாயிருந்தது. பனைமரத்தில் குழாயைக் கட்டி, தகரப்பெட்டியிலிருந்து இசைத்தட்டை எடுத்துத் துணியால் துடைத்து, முள்ளை மெல்ல வைப்பார், ஊரே விழித்துக்கொள்ளும். பின்னர் ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது, தட்டுகள் பரணேறின.

அத்தகைய பெட்டியொன்று அண்மையில் செங்கற்பட்டில் எடைக்குப் போகவிருந்தது, நாம் வாங்கிக்கொண்டோம். வெயிலில் சில தட்டுகள் வளைந்திருந்தன. மற்றவற்றைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சுழலவிட்டோம். அவற்றுள் ஒன்று இளையராஜாவின் 'ப்ரியா' (1978). தமிழ்த் திரையில் ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான முதற்படம். பாட்டு பழகியதே, ஆயினும் அதனடியில் பேஸ் கிதார் நடந்துசென்றதை அன்றுதான் கேட்டோம். குழாய் ஒலிபெருக்கி தாழ்ந்த ஓசைகளை விழுங்கிவிடும். இத்தனை ஆண்டுகளாக நம் செவிக்கு எட்டியது பாட்டின் மேற்பாதி மட்டுமே!

அதே எழுபதுகளில் கானா, நைஜீரியா நாட்டு இளைஞரும் தம் மண்ணின் முரசோடு மின்கிதாரை இணைத்து, ஆப்ரோ ராக், ஃபங்க் என ஆடவைக்கும் இசை படைத்தனர். 1977-இல் ஃபெலா குட்டியின் இல்லத்தை நைஜீரியப் படைவீரர் எரித்தனர். காலப்போக்கில் அவ்விசையில் பெரும்பகுதியை உலகம் மறந்தது. 2002-இல் தோன்றிய சவுண்ட்வே என்னும் ஆங்கிலேய நிறுவனம் அப்பழைய தட்டுகளைத் தேடித் தொகுத்து, மீண்டும் வெளியிட்டது. மூலநாடா அழிந்த பாடல்களுக்கு, எவர் வீட்டிலோ தப்பிய தட்டே மூலமாகிறது. நமக்கும் இது நேர்ந்தது. இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான பாடல்கள் சிலவற்றை, 2011-இல் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்னும் மற்றோர் ஆங்கிலேய நிறுவனம் இசைத்தட்டாகத் தொகுத்தது. நம் பரணின் மதிப்பை நமக்கு அயலார்தாம் உணர்த்தவேண்டுமா?

உறையில் நடிகர் படம் பெரிதாக இருக்கிறது. கிதாரை மீட்டியவர், தோலை முழக்கியவர் பெயர்கள் பலவற்றில் இல்லை. அவர்களின் விரலசைவோ தட்டின் வரிப்பள்ளத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. அவர்களுள் சிலரேனும் இன்றும் நம்மிடையே இருக்கக்கூடும். ஆதலின் அன்பர்களே, உங்கள் பரணில் தட்டுகள் இருப்பின் வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். வாசித்தவர் பெயரை அறிந்த முதியோரிடம் கேட்டு உறையின்மேல் எழுதி வையுங்கள். தாழ்ந்து ஒலித்ததாலேயே ஒருவர் உழைப்பு கேளாமற்போவது தகுமோ?