மேலமலையில் இராசாளியும் முயலும்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் வழியில், ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் உள்ளது நார்த்தாமலை. பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மனைத் தரிசிக்க வருவோர் பலர். மேலமலை ஏறி விஜயாலய சோழீசுவரம் காண்போர் சிலரே. வெயில் ஏறினால் பாறை சுடும். மூத்த அன்பர்கள் காலையிலேயே ஏறிவிடுதல் நலம்.

9ஆம் நூற்றாண்டுக் கற்றளி இது. மழையால் இடிந்ததை மல்லன் விடுமன் புதுக்கினான் என்று கல்வெட்டு கூறுகிறது. ஈசன் மேற்கு நோக்கியிருக்க, எதிரேயுள்ள குடைவரையில் பன்னிரு திருமால் உருவங்கள் நிற்கின்றன. ஒருபுறம் பிறை சூடியவர். அப்பிறையில் முயற்கறை உண்டென்பர். மறுபுறம் புள்ளேறும் பெருமான். இரண்டு உயிர்களையும் அன்று அவ்விடத்திலேயே கண்டேன்.

புதரோரம் புல்லை அழுத்திப் படுத்திருந்தது ஒரு முயல். மேலே ஒரு பெரும்பறவை வட்டமிட்டது. உடன் நின்ற ஆடு மேய்ப்பவர் "கருடன்!" என்று கைகூப்பினார். கருடனுக்கு வெண்தலையும் செம்மேனியும் உண்டு. இதுவோ மேனி கரும்பழுப்பும் வயிறு வெண்மையுமான இராசாளி. எனினும் அவர் கும்பிட்டதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை.

எடையில் இரண்டும் ஏறத்தாழச் சமம், இரண்டு கிலோ அளவு. பறவைக்குக் கண்கள் முன்நோக்கியவை. முயலுக்கோ பக்கவாட்டில் அமைந்து, பின்னால் வருவதையும் காட்டுபவை. பாறை முகட்டில் கூடு கட்டும் இராசாளியின் குஞ்சு பறப்பதற்கு இரண்டு மாதமாகும். அதுவரை தாய் தந்தையே கதி. காட்டு முயலுக்கு வளையும் இல்லை. ஆயினும் அதன் குட்டி உரோமத்துடன், கண் திறந்தே பிறக்கிறது. வலியதன் பிள்ளை ஆதரவற்றும், எளியதன் பிள்ளை ஆயத்தமாகவும் வருகிற இவ்வமைப்பை நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முயல் அசையவில்லை. புல்லும் அதுவும் ஒரே நிறம். இராசாளி காணாமலே கடந்து போயிற்று.

"இதுகிட்ட தப்பிச்சுடும்யா. ராத்திரியிலே நெத்தி விளக்குக் கட்டிக்கிட்டு வர்றாங்களே, அவங்ககிட்டத்தான் தப்பாது. வெளிச்சம் பட்டா முசலு அப்படியே நின்னுடும்" என்றார் மேய்ப்பவர்.

பகலில் காத்த அதே அசைவின்மை இரவில் உயிரைக் கொடுக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைத் தடுத்துள்ளது; ஆயினும் வேட்டை நிற்கவில்லை. முயல் அருகினால் முகட்டுக் கூட்டுக்கும் இரை குறையும்.

இறங்கும்போது அப்புதரைப் பார்த்தேன். முயல் போயிருந்தது, அழுந்திய புல் இன்னும் நிமிரவில்லை.